உஷார்! 'வந்துடும்' என்று சொல்லித் திறக்கும் பள்ளிக்கூடம்

போன ஞாயிறு காலை பேளூர் ரோட்டில் பூட்டிக் கிடக்கும் ஒரு பாக்கு குடோனைப் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எல்லாரும் நம் வாழப்பாடிக்காரர்கள்தான். ஒருவர் பாக்கு வியாபாரி. ஒருவர் ஜவ்வரிசி மில்லுக்குக் கிழங்கு லோடு அடிப்பவர். இன்னொருவர் வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பியவர், எனக்கு மாப்பிள்ளை முறை. வருகிற ஜூனில் அந்தக் குடோனில் ஆங்கில வழித் தொடக்கப் பள்ளி திறக்கப் போகிறார்களாம். எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு வரை.

"மாமா, நீங்க முப்பது வருசத்துக்கு மேல பள்ளிக்கூடத்துலயே இருந்தவரு. ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளை.

பார்த்தேன். மேலே சிமெண்ட் ஷீட் கூரை. நீளமான ஒரே கூடம். நடுநடுவே பிளைவுட் அடித்து ஏழு வகுப்பறை ஆக்கப் போகிறார்கள். முன்னால் ஒரு ஷட்டர், போக்கும் வரத்தும் அது ஒன்றுதான். பின்பக்கம் கதவே கிடையாது. வெளியே வந்து சுவரைச் சுற்றிக் கொல்லைப்புறம் போனேன். பாக்கு வேகவைக்கிற பழைய அடுப்பு, சாம்பல், எருக்கஞ்செடி. அடுப்புக்கு நாலடி தள்ளி, தரையோடு தரையாக ஒரு தகரம் கிடந்தது. செருப்புக் காலால் லேசாகத் தள்ளினேன். நகர்ந்தது. கீழே கழிவுநீர்த் தொட்டி. உள்ளே இருட்டு, வாடை, எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை.

கைகால் உதறிவிட்டது எனக்கு. "இது என்னங்க?" என்றேன். "அதெல்லாம் மூடிரலாங்க மாமா, வேலை நடக்கறப்ப" என்றார்.

திரும்பி வரும் வழியில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். தீயணைப்புத் துறைச் சான்று? வந்துடும். நகர் ஊரமைப்பு அனுமதி? வந்துடும். பள்ளி அங்கீகாரம்? "அப்ளை பண்ண ஆள் இருக்காங்க மாமா, அதுவும் வந்துடும்." ஆனால் 'அட்மிஷன் ஓப்பன்' என்று பிளெக்ஸ் அடித்தாயிற்று. பதினேழு வீட்டில் முன்பணமும் வாங்கியாயிற்று.

அந்தப் பதினேழு வீட்டாருக்கும், இன்னும் முன்பணம் கட்டாமல் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும், பங்கு போடப் பணம் எடுத்து வைத்திருப்பவர்களுக்கும், முக்கியமாக என் மாப்பிள்ளைக்கும்தான் இதை எழுதுகிறேன். உஷாராக இருங்கள். 'வந்துடும்' என்ற வார்த்தையை நம்பி ஒரு பிள்ளையையும் அந்த ஷட்டருக்குள் விடாதீர்கள்.

தகரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று கேட்கலாம். 2025 ஜனவரி 3-ஆம் தேதி விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. படித்த பெண் குழந்தை கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து இறந்தது. தொட்டிமேல் இருந்த மூடி அந்தச் சின்ன உடம்பைக்கூடத் தாங்கவில்லை. அடுத்த நான்கு மாதத்திற்குள், ஏப்ரல் 29-ஆம் தேதி, மதுரையில் ஒரு மழலையர் பள்ளியில் நான்கு வயதுக் குழந்தை தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் போனார்கள். இவற்றில் எதுவும் பூகம்பமோ புயலோ இல்லை. ஒரு மூடி, ஒரு தொட்டி, ஒரு சுவர். அந்தக் குடோனில் மூன்றும் இருக்கின்றன.

நான்கு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று பெற்றோரைவிட வாத்தியார்களுக்கு நன்றாகத் தெரியும். ஒன்றுக்குப் போக விட்டால் நேராகத் திரும்பி வராது. எறும்பைப் பார்க்கும், தும்பியைப் பிடிக்கும், தகரத்தில் மிதித்தால் 'டங்' என்று சத்தம் வந்தால் இன்னொரு தரம் குதித்துப் பார்க்கும். பதினான்கு கிலோ எடை. ஆயாம்மா ஒருத்தர் நாற்பது பிள்ளைக்கு. நான் சொல்வது கற்பனை இல்லை. ஒவ்வொரு நாளும் பகல் பத்தரை மணி இடைவேளையில் நடப்பது.

கும்பகோணத்தை நம் தலைமுறை மறக்க முடியாது. 2004 ஜூலை 16. காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்தன. மதிய உணவுக்காக மூட்டிய அடுப்பிலிருந்து கிளம்பிய தீ கூரைக்குத் தாவியது. மாடியில் கீற்றுக் கூரைக்குக் கீழே சின்னப் பிள்ளைகள். இறங்க ஒடுக்கமான படிக்கட்டு. 94 குழந்தைகள். அன்றைக்கு வானொலியில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. நான் வேலை பார்த்த பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்தும் பிள்ளைகளை வகுப்புக்குள் அனுப்ப மனம் வராமல் மரத்தடியிலேயே உட்கார வைத்திருந்தோம். எங்கள் சத்துணவுக் கூடத்துக்கும் அப்போது கீற்றுக் கூரைதான். அடுத்த வாரமே பிரித்துப் போட்டோம். பத்து வருடம் கழித்து, 2014 ஜூலை 30-இல், தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பத்துப் பேர் குற்றவாளிகள். பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. பிறகு உயர் நீதிமன்றம் அதைக் குறைத்தது. தண்டனை பெற்றவர்களில் கல்வித்துறை ஆட்களும் இருந்தார்கள். அங்கீகாரத் தாளில் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கையெழுத்து அது.

இன்று தனியார் பள்ளிக்குக் கேட்கப்படும் நான்கு சான்றுகளை ஏதோ கையூட்டு வாங்க அதிகாரிகள் கண்டுபிடித்த தொல்லை என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். மாப்பிள்ளையும் அப்படித்தான் பேசினார். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, பொறியாளரின் கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியர் தரும் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று. நான்கும் தனித்தனிக் கேள்விகள். தீப்பிடித்தால் பிள்ளைகள் எத்தனை வழியாக வெளியே வருவார்கள்? கூரை எத்தனை காலம் நிற்கும்? அங்கே இத்தனை பேர் கூடலாமா? குடிக்கிற தண்ணீருக்கும் கழிவுத் தொட்டிக்கும் எவ்வளவு தூரம்? இந்தக் கேள்விகளைக் கேட்டுவிட்டுப் பதில் கிடைக்காத இடத்தில் பள்ளி நடத்தினால், அந்தப் பதில் ஒருநாள் செய்தித்தாளில் வரும்.

அந்தக் குடோனுக்கு இந்த நான்கில் ஒன்றும் கிடைக்காது என்பது என் எண்ணம். ஒற்றை ஷட்டரும் பிளைவுட் தடுப்பும் இருக்கும் கூடத்துக்கு நேர்மையான எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட மாட்டார். நேர்மையில்லாத ஒருவர் போட்டுக் கொடுத்தால், அதுதான் இன்னும் பெரிய ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2009-இல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 18-ஆவது பிரிவு, அங்கீகாரச் சான்று இல்லாமல் எந்தத் தனியார் பள்ளியையும் தொடங்கவும் கூடாது, நடத்தவும் கூடாது என்கிறது. மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதற்குப் பிறகும் நடத்தினால் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய். பிளெக்ஸ் அடிக்கிற செலவில் இதையும் கணக்குப் போட்டார்களா என்று தெரியவில்லை. 13-ஆவது பிரிவு சேர்க்கைக்கு நன்கொடை வாங்கத் தடை போடுகிறது. வாங்கினால் வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். 'பில்டிங் ஃபண்டு', 'டெவலப்மெண்ட் ஃபீஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டால் தப்பிக்க முடியாது. அது மட்டுமில்லை, தமிழ்நாட்டில் தனியார் பள்ளி எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்று நிர்ணயிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனிக் குழுவே இருக்கிறது, 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி. அங்கீகாரமே இல்லாத பள்ளி எந்தக் கணக்கில் முன்பணம் வாங்குகிறது? கட்டியவர்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் பள்ளியின் பெயர் இருக்கிறதா, வெறும் கையெழுத்தா?

நிலத்தைப் பற்றிப் பேசினால் மாப்பிள்ளைக்குக் கோபம் வருகிறது. "குடோன் பெருசுங்க மாமா, பின்னாடி காலி இடமும் இருக்கு." எவ்வளவு என்று கேட்டால் பதினெட்டு சென்ட் என்கிறார். மெட்ரிக் பள்ளிகளுக்காகச் சிட்டிபாபு குழு வகுத்த கணக்கில், மாநகராட்சியில் 6 கிரவுண்டு இருந்தால் போதும். பேரூராட்சியில் 1 ஏக்கர். கிராம ஊராட்சியில் 3 ஏக்கர். நகரத்தில் நிலத்துக்கு நெருக்கடி, நாட்டுப்புறத்தில் இடம் கிடைக்கும் என்று வைத்த கணக்கு. வாழப்பாடி பேரூராட்சி. அதன் எல்லைக்கல்லைத் தாண்டினால் ஊராட்சி. ஐந்தாம் வகுப்போடு நிற்பதாக இப்போது சொல்லிவிட்டு, ஆறாவது, ஏழாவது என்று ஏற்றிக்கொண்டு போகலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். தமிழ்நாட்டில் 746 தனியார் பள்ளிகள் இந்த நிலக் கணக்குக்குள் அடங்காமல், வருடத்துக்கு வருடம் தற்காலிக அங்கீகாரத்திலேயே ஓடி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. ஒவ்வொரு மார்ச் மாதமும் 'இந்த வருசம் பள்ளி இருக்குமா' என்று பயந்துகொண்டே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

இடம் வாங்குவதற்கு முன்னால் சேலத்தில் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் போய், 2018-ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் முறைப்படுத்தும் சட்டமும் 2023-இல் வந்த அதன் விதிகளும் தொடக்கப் பள்ளிக்கு எவ்வளவு இடம் கேட்கின்றன என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம். அங்கேயும் 'பாத்துக்கலாம்' என்று சொல்ல ஆள் இருப்பார்கள்.

இனிப் பங்கு விஷயம். இதைச் சொல்வதற்கு எனக்குச் சங்கடமாக இருக்கிறது, ஏனென்றால் பங்கு போடப் போகிறவர்கள் எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள். தலைக்கு ஐந்து லட்சம், பன்னிரண்டு பேர். மூன்றாவது வருடத்திலிருந்து லாபம் பிரித்துக்கொள்ளலாம் என்று ஒரு நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் பள்ளிகள் வளர்ந்த கதையை நாம் எல்லாரும் கண்ணால் பார்த்தோம். லாரி வைத்திருந்தவர், கோழிப்பண்ணைக்காரர், வேலையை விட்ட வாத்தியார் எல்லாரும் சேர்ந்து போட்ட பணம் விடுதிகளாகவும் நான்கு மாடிக் கட்டடங்களாகவும் எழும்பியது. மாநில ரேங்க் அங்கே குவிந்த வருடங்களில் மதுரையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் பெட்டி படுக்கையோடு பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். 2017-இல் ரேங்க் அறிவிப்பை அரசு நிறுத்தியது. அதே வருடம் நீட் வந்தது. அந்தப் பக்கத்துப் பள்ளிகளே தடுமாறித்தான் எழுந்தன. அந்தக் காலம் முடிந்த பிறகு, அதைப் பார்த்து நாம் இப்போது கிளம்புகிறோம்.

அதைவிட முக்கியமானது இது: பள்ளிக்கூடத்தில் பங்கு என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. அங்கீகாரம் கேட்கிற பள்ளியை ஒரு பொது அறக்கட்டளையோ சங்கமோதான் நடத்த வேண்டும், எந்தத் தனி ஆளின் லாபத்துக்காகவும் நடத்தக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் மாதிரி விதிகளில் அங்கீகாரத்துக்கு வைத்த நிபந்தனை. 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வும் அதே திசையில்தான் சொன்னது. பள்ளியை வளர்க்க ஓரளவு உபரி வரலாம். லாப வேட்டையும் நன்கொடை வசூலும் கூடாது. அப்படியானால் நீங்கள் கொடுக்கிற ஐந்து லட்சம் என்ன? அறக்கட்டளைப் புத்தகத்தில் அது நன்கொடை. லாபம் கேட்டுப் போனால் அந்த நோட்டைக் காட்டி எந்த நீதிமன்றத்திலும் நிற்க முடியாது. காட்டினால், லாபத்துக்காகப் பள்ளி நடத்தியதற்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சாட்சியாகிவிடும். பிள்ளை கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம், பாக்குத் தோப்பை ஒத்திக்கு விட்டு வாங்கிய பணம் இதில் போகிறது. ஒரு வக்கீலிடம் அறக்கட்டளைப் பத்திரத்தைக் காட்டி, 'இதில் என் பெயர் எங்கே இருக்கிறது' என்று கேளுங்கள். அறங்காவலராக உங்கள் பெயர் இருந்தால் இன்னும் கவனமாக இருங்கள். அந்தத் தொட்டியில் ஏதாவது நடந்தால் காவல்துறை முதலில் தேடி வருவது அந்தப் பத்திரத்தில் இருக்கிற பெயர்களைத்தான்.

பெற்றோருக்கு வருகிற ஆபத்து வேறு மாதிரி, சத்தமில்லாமல் வரும். என் அண்ணன் பேத்தி விஷயத்தில் நாங்களே அனுபவித்தோம். வேறு ஊர், பெயர் வேண்டாம். 'சி.பி.எஸ்.இ. முறைப்படி' என்று போர்டு வைத்திருந்தார்கள். அந்த 'முறைப்படி'யில்தான் எல்லாமே இருந்திருக்கிறது, சி.பி.எஸ்.இ. இணைப்பு கிடையாது, மாநில அங்கீகாரமும் கிடையாது. மூன்று வருடம் கட்டணம் கட்டினார்கள். நான்காம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர்க்கப் போனபோது எமிஸ் எண்ணை, அதாவது கல்வித்துறையின் மாணவர் பதிவு எண்ணைக் கேட்டார்கள். தேடினால், பிள்ளையின் பெயர் இருபது கிலோமீட்டருக்கு அப்பால், நாங்கள் கண்ணிலும் காணாத ஒரு பள்ளியின் கணக்கில் இருந்தது. அங்கீகாரம் இல்லாத பள்ளி எமிஸில் பெயர் ஏற்ற முடியாது என்பதால் தெரிந்த பள்ளி ஒன்றின் வருகைப் பதிவேட்டில் சொருகி வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை மூன்று வருடமும் ஒரு நாள்கூடப் போகாத பள்ளியில் தினமும் 'உள்ளேன்' என்று இருந்திருக்கிறாள். அங்கே போய்க் கேட்டால் மாற்றுச் சான்றிதழுக்குத் தனியாகப் பணம். என் அண்ணன் மருமகள் அந்த அலுவலக வாசலில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் பயந்துபோய்ப் பணத்தைக் கொட்டாதீர்கள். எட்டாம் வகுப்பு வரைக்கும் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானதைக் காரணம் காட்டி எந்த அரசுப் பள்ளியும் பிள்ளையைச் சேர்க்காமல் இருக்க முடியாது; கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவில் இருக்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது 4-ஆவது பிரிவு. மாற்றுச் சான்றிதழைக் கட்டணம் வசூலிக்கும் கருவியாக்கக் கூடாது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பக்கத்து ஒன்றியப் பள்ளிக்குப் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போங்கள். தலைமையாசிரியர் தயங்கினால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணுக்குப் போன் போடுங்கள்.

ஆசிரியர்கள் விஷயத்திலும் மாப்பிள்ளை கூட்டம் கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறது. "நம்மூர்ல பி.எட். முடிச்ச பொண்ணுங்க எத்தனையோ பேரு சும்மா இருக்காங்க மாமா, எட்டாயிரம் குடுத்தா வருவாங்க." வருவார்கள். ஆனால் ஒன்று முதல் ஐந்து வகுப்புக்குப் பாடம் எடுக்க பி.எட். தகுதியில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. தொடக்கக் கல்விப் பட்டயம் முடித்து, தகுதித் தேர்வில் முதல் தாளில் தேறியிருக்க வேண்டும். இதை வெறும் சட்டச் சிக்கலாகப் பார்க்காதீர்கள். பி.எட். படித்தவருக்குப் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத்தான் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளை 'ட'வையும் 'ப'வையும் ஏன் மாற்றி எழுதுகிறது, பத்தில் எட்டுப் போனால் இரண்டு என்பதைப் புளியங்கொட்டை இல்லாமல் ஏன் பிடிக்க முடியவில்லை என்பதற்கு வேறு படிப்பு வேண்டும். எனக்கு அந்தப் படிப்பு இருந்தும் அதைச் சரியாகப் புரிந்துகொள்ளப் பத்து வருடம் ஆனது.

எண்ணிக்கையும் இருக்கிறது. 60 பிள்ளைகள் வரை குறைந்தது 2 ஆசிரியர், 90 வரை 3, 120 வரை 4, 200 வரை 5. ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை. ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர். இதெல்லாம் சட்டத்தின் அட்டவணையில் எழுதியிருப்பதுதான். ஆடம்பரமாக ஒன்றும் கேட்கவில்லை. யாரை வேலைக்கு எடுத்தாலும், விளையாட்டு, யோகா, கராத்தே என்று யார் வந்தாலும், அவர் யார் என்று விசாரியுங்கள். 2024-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்று பொய் சொல்லி வந்தவன் பெண் பிள்ளைகளுக்குச் செய்த கொடுமை, யாரும் ஒரு கடிதத்தைக்கூடச் சரிபார்க்காததால் நடந்தது.

வேனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குடோனுக்குப் பிள்ளைகள் முத்தம்பட்டி, சிங்கிபுரம், பேளூர் பக்கத்திலிருந்து வர வேண்டும். வழியில் புறவழிச்சாலை. வருடக்கணக்காக இருவழிச் சாலையாகவே கிடந்து விபத்துக்குப் பேர்போனது அது. அதைக் குறுக்கே கடக்கப் பழைய ஆம்னி வேன் ஒன்றை வாடகைக்குப் பேசியிருக்கிறார்கள். 2012 ஜூலையில் சென்னை சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்துத் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புப் பெண் குழந்தை இறந்தது. அதற்குப் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகளே வந்தன. வருடா வருடம் மே மாதம் அதிகாரிகள் வண்டியில் ஏறித் தளத்தை மிதித்துப் பார்ப்பது அந்தக் குழந்தையால்தான். வாடகை ஆம்னியை யார் மிதித்துப் பார்ப்பார்கள்?

வெளிநாட்டிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒன்று சொன்னார். அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளி என்று இருக்கிறதாம். அரசாங்கம் பணம் கொடுக்கும், தனியார் நடத்துவார்கள், இவ்வளவு கெடுபிடி இல்லையாம். பாதி சரி. 1991-இல் மினசோட்டா மாநிலம் அதற்குச் சட்டம் போட்டது; அடுத்த வருடம் முதல் பள்ளி திறந்தது. சார்ட்டர் என்றால் சாசனம், ஒப்பந்தம். இன்னின்னது செய்கிறேன், செய்யாவிட்டால் மூடிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அரசுப் பணத்தைத் தொட முடியும். நம் ஊர் அரசு உதவிபெறும் பள்ளிக்கும் அதற்கும் ஒன்றுவிட்ட உறவு. அங்கேயும் எழுத்தை மீறி ஓடியவர்கள் உண்டு. கும்பகோணம் எரிந்த அதே 2004-இல், கலிபோர்னியாவில் ஒரு நிறுவனம் நடத்திய ஏறக்குறைய 60 சார்ட்டர் கிளைகள் பணக் குளறுபடியில் ஆகஸ்டு மாதம் ஒரே மூச்சில் மூடப்பட்டன. வகுப்புகள் தொடங்க இன்னும் சில வாரமே இருந்த நேரம். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பெற்றோர் வேறு பள்ளி தேடி அலைந்தார்கள். அதை நடத்தியவர் அதற்கு முன் காப்பீட்டுத் துறையில் இருந்தவர். எந்தத் தேசமானாலும் ஒப்பந்தம் எழுதாமல் பிள்ளையை வாங்கிக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை.

நான் பள்ளி வேண்டாம் என்று சொல்லவில்லை, மாப்பிள்ளை. அருநூற்றுமலை அடிவாரத்திலிருந்து ஆத்தூர் ரோடு வரைக்கும் நல்ல தொடக்கப் பள்ளி ஒன்று வந்தால் முதல் ஆளாகச் சந்தோஷப்படுவேன். சம்பளம் இல்லாமல் வந்து உட்கார்ந்து பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பேன். ஆனால் இந்த ஜூன் வேண்டாம். முறையான இடத்தில், முறையான கட்டடத்தில், அங்கீகாரச் சான்று கையில் வந்த பிறகு, அடுத்த ஜூனோ அதற்கடுத்த ஜூனோ திறங்கள். வாங்கிய முன்பணத்தைப் பதினேழு வீட்டிலும் போய்த் திருப்பிக் கொடுங்கள். 'மாமாவால்தான் கெட்டுப்போச்சு' என்று என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

பெற்றோர்களே, இந்தச் சேர்க்கைக் காலத்தில் எந்தப் புதுப் பள்ளிக்குப் போனாலும் அலுவலக அறையில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்பி வராதீர்கள். அங்கீகார ஆணையின் எண்ணும் தேதியும் கேளுங்கள். எந்த வகுப்பு வரைக்கும், எந்த வருடம் வரைக்கும் என்று அந்தத் தாளிலேயே படியுங்கள். சில இடத்தில் அங்கீகாரம் மூன்றாம் வகுப்பு வரைக்கும் இருக்கும், பள்ளி ஐந்தாவது வரை நடக்கும். பள்ளிக்கான யு-டைஸ் அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, நம் ஒன்றிய வட்டாரக் கல்வி அலுவலகத்தில் சரியா என்று கேளுங்கள். பிறகு கழிப்பறை எங்கே என்று கேட்டு நீங்களே நடந்து போய்ப் பாருங்கள். பின்பக்கம் போங்கள். வர விடவில்லை என்றால் அதுவே உங்களுக்குப் பதில்.

மாப்பிள்ளை, இன்னொன்று. பள்ளி வருகிறதோ இல்லையோ, பேளூர் ரோட்டில் குடோனுக்குப் பின்னால் அந்தத் தகரம் இப்போதும் அப்படியே கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சாயங்காலம் அங்கேதான் பந்து விளையாடுகிறார்கள். நான் வெளியே வரும்போது சுவர் தாண்டி ஒரு பந்து அடுப்புப் பக்கம் வந்து விழுந்தது. நாளைக்குக் காலையில் கொத்தனாரைக் கூட்டிவந்து கான்கிரீட் மூடி போட்டுவிடு. காசு இல்லையென்றால் சொல், நான் தருகிறேன்.